சென்னை – சிங்கப்பூர்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓரிடத்தில் 2,910 கி.மீ. என்று வரும். இன்னோரிடத்தில் 2,925 என்றிருக்கும். மூன்றாவது இடத்தில் 3,000-ஐத் தாண்டிவிடும். நேரமும் அப்படித்தான். டிக்கெட்டில் 4 மணி 20 நிமிடம் என்று போட்டிருக்கும். விமானி ஒலிபெருக்கியில் 3 மணி 45 நிமிடம் என்பார். இறங்கியதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் ஏழு மணி நேரம் ஓடிப்போயிருக்கும்.

இதில் எந்த எண்ணும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கான பதில். எந்த எண் எதை அளக்கிறது என்று தெரியாமல் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்கும்போதுதான் இணைப்பு விமானம் தவறுகிறது, அழைத்துப்போக வந்தவர் இரண்டு மணி நேரம் காத்து நிற்கிறார், சிலர் ஒரு நாள் தாமதமாகவே விமான நிலையத்துக்கு வந்து சேர்கிறார்கள். இங்கே சென்னை – சிங்கப்பூர் வழியை வைத்து எல்லாக் கணக்கையும் போட்டுக் காட்டியிருக்கிறோம். எண்களை மாற்றினால் வேறு எந்த இரண்டு ஊருக்கும் இதே முறை செல்லும்.

முதல் படி: எங்கிருந்து எங்கே என்று முடிவு செய்யுங்கள்

"சென்னை" என்றால் எந்தப் புள்ளி? சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கம் ஊரின் மையம் என்று வைத்துக்கொண்டால், விமான நிலையம் அங்கிருந்து தென்மேற்கே மீனம்பாக்கத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையம் தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. ஊர் மையத்திலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 20 கி.மீ. இரண்டு நிலையங்களுமே மற்ற ஊரிலிருந்து சற்று விலகிய பக்கமாக அமைந்துவிட்டன. அதனால்தான் ஊர் மையத்திலிருந்து ஊர் மையத்துக்கு அளந்தால் சுமார் 2,910 கி.மீ., விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்தால் சுமார் 2,925 கி.மீ. என்று வருகிறது. தளங்களுக்கிடையே தெரியும் சிறு முரண்பாட்டில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

பயணத்துக்கு விமான நிலையப் புள்ளிகளையே எடுங்கள்:

சென்னை: வடக்கு 12.99°, கிழக்கு 80.17°
சாங்கி: வடக்கு 1.36°, கிழக்கு 103.99°

இந்த எண்களை எடுக்கும் இடத்திலேயே ஒரு தவறு நுழையும். பல வரைபடங்களில் இடக்குறிப்பு 12°59′40″ என்று பாகை, நிமிடம், நொடியாக இருக்கும். இதை 12.59 என்று எழுதிவிடக் கூடாது. 59 நிமிடத்தை 60 ஆலும், 40 நொடியை 3600 ஆலும் வகுத்துக் கூட்டினால் 12.994 வரும். 12.59 என்று போட்டால் புள்ளி 45 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும், மீனம்பாக்கத்துக்குப் பதிலாகச் செங்கல்பட்டையும் தாண்டிய ஓரிடத்திலிருந்து அளந்துகொண்டிருப்பீர்கள்.

இரண்டாம் படி: நேர்த்தூரத்தைக் கணக்கிடுங்கள்

பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊருக்கிடையே மிகக் குறைந்த தூரம் ஒரு வளைகோட்டில் அமைகிறது. இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். செல்பேசியில் உள்ள கால்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் சைன், காஸ் பொத்தான்கள் வந்துவிடும், அவை போதும்.

சூத்திரம் இது: இரண்டு ஊர்களின் அட்சரேகை சைன்களைப் பெருக்குங்கள். பிறகு இரண்டு அட்சரேகை காஸ்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டி, அதன் தலைகீழ் காஸைக் கண்டுபிடித்தால் பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இரண்டு ஊருக்கும் இடையிலான கோணம் கிடைக்கும்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம்.

தீர்க்கரேகை வித்தியாசம்: 103.99 − 80.17 = 23.82°
சைன் 12.99 × சைன் 1.36 = 0.22478 × 0.02373 = 0.00533
காஸ் 12.99 × காஸ் 1.36 × காஸ் 23.82 = 0.97441 × 0.99972 × 0.91482 = 0.89116
கூட்டல்: 0.89649
தலைகீழ் காஸ்: 26.30°

பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்பதால் ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. 26.30-ஐ அதனால் பெருக்கினால் 2,924 கி.மீ.

விமானத் துறையில் கிலோமீட்டர் பேச மாட்டார்கள், கடல் மைல்தான். அதற்குத் தனியாகப் பெருக்க வேண்டியதில்லை. ஒரு பாகையில் 60 கடல் மைல் என்பதுதான் அந்த அளவின் பிறப்பே. ஆகவே 26.30 × 60 = 1,578 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; ஒரு மணி நேரத்துக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். விமானத்தில் முன்சீட்டின் திரையில் மைல் என்று காட்டினால் அது சாதாரண மைலா கடல் மைலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; இரண்டுக்கும் 15 சதவீத வித்தியாசம்.

விடை பொருத்தமில்லாமல் வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றே: கால்குலேட்டர் பாகையில் இல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருக்கிறது. சைன் 12.99-க்கு 0.22 வர வேண்டிய இடத்தில் 0.41 வந்தால் அதுதான் விஷயம். தொடங்கும் முன் சைன் 30 அடித்துப் பாருங்கள், சரியாக 0.5 வர வேண்டும்.

அடுத்த தவறு, மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் போட மறப்பது. சிங்கப்பூருக்கு இது பாதிக்காது, இரண்டு ஊருமே கிழக்கில் இருப்பதால். ஆனால் சென்னை – நியூயார்க் கணக்கில் மறந்தால், ஏறக்குறைய 154 பாகையாக இருக்க வேண்டிய வித்தியாசம் 6 பாகையாகச் சுருங்கிவிடும். அமெரிக்கா பக்கத்து ஊராகிவிடும்.

பள்ளிக்கூடப் பிதாகரஸ் தேற்றத்தை வைத்துத் தட்டையாகவே அளக்கலாமே என்றால், இந்த வழிக்கு அளக்கலாம். வடக்கு–தெற்காக 11.63 பாகை, கிழக்கு–மேற்கு வித்தியாசத்தை நடு அட்சரேகையின் காஸால் பெருக்கினால் 23.63 பாகை, இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி மூலம் எடுத்தால் 2,928 கி.மீ. வருகிறது. நான்கு கிலோமீட்டர்தான் பிசகு. பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் கிடைக்கும் சலுகை இது. இதே தட்டை முறையில் சென்னை – லண்டனைப் போட்டால் 8,700 கி.மீ. வரும், சரியான விடையோ சுமார் 8,230. கிட்டத்தட்ட 470 கி.மீ. அதிகம். வடக்கே போகப் போகத் தட்டைக் கணக்கை நம்பாதீர்கள்.

மூன்றாம் படி: விமானம் போகும் வழியைப் பாருங்கள்

இந்த 2,925 கி.மீ. கோட்டை வரைபடத்தில் இழுத்தால் அழகான ஒரு வழி தெரியும். மீனம்பாக்கத்திலிருந்து தென்கிழக்காக வங்காள விரிகுடாவைக் கடந்து, கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனைக்கு அருகே போய், சுமத்ராவின் வடமுனையான அச்சேயைத் தொட்டு, மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, மலாக்கா நகரத்தின் பக்கமாகச் சிங்கப்பூரில் முடியும். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம், இலாமுரிதேசம், கடாரம் என்று வரும் பெயர்கள் இந்தக் கோட்டை ஒட்டியே இருக்கின்றன: நக்கவாரம் நிக்கோபார், இலாமுரி அச்சே பக்கம், கடாரம் மலேசியாவின் கெடா. கப்பலுக்கும் விமானத்துக்கும் பூகோளம் ஒன்றுதான்.

ஆனால் விமானம் இந்தக் கோட்டின் மேலேயே போவதில்லை. புறப்படும்போது ஓடுபாதை எந்தத் திசையில் பயன்பாட்டில் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஏறி, பிறகு திரும்ப வேண்டும். விரிகுடாவுக்கு மேல் வரையறுத்த வான்வழிகள் உண்டு. மத்திய கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் விமானங்களும் அவற்றிலேயே சேருவதால் இரவில் நெரிசல் அதிகம். மேகத் திரள் எதிர்ப்பட்டால் அதைச் சுற்ற வேண்டும். சாங்கியை நெருங்கும்போது வரிசையில் நிற்க வளைய வேண்டும். இவ்வளவையும் சேர்த்தால் நேர்த்தூரத்துடன் 2 முதல் 5 சதவீதம் கூடும். இந்த வழிக்கு 3,020 கி.மீ. என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

ஐரோப்பா, அமெரிக்கா போன்ற நீண்ட வழிகளில் மூடப்பட்ட வான்வெளிகளைச் சுற்றிப்போவதால் இந்தச் சதவீதம் 10-ஐக்கூடத் தாண்டலாம். அங்கெல்லாம் நேர்த்தூரத்தை மட்டும் வைத்து நேரம் சொல்வது பெரும் பிசகாகிவிடும்.

ஜன்னல் இருக்கை பிடிக்கிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. சிங்கப்பூர் போகும்போது கடைசி ஒரு மணி நேரம் இடப்பக்கம் மலேசியக் கரை, வலப்பக்கம் சுமத்ரா. இரவில் மேகம் இல்லாவிட்டால் நீரிணையில் கப்பல் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். திரும்பி வரும்போது பக்கங்கள் மாறும். மாலை விமானமானால் சூரியன் இடப்பக்கம் விழும்.

நான்காம் படி: வேகமும் காற்றும்

சென்னை – சிங்கப்பூர் வழியில் ஒற்றை இடைவழி கொண்ட ஏர்பஸ் 320 வகை, போயிங் 737 வகை விமானங்களும் ஓடுகின்றன, இரட்டை இடைவழி கொண்ட பெரிய விமானங்களும் ஓடுகின்றன. முதல் வகை ஒலியின் வேகத்தில் 0.78 பங்கில் போகும். 35,000 அடி உயரத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 830 கி.மீ. ஏர்பஸ் 350, போயிங் 787 போன்றவை 0.85 பங்கு, அதாவது 905 கி.மீ. அளவில் போகும். டிக்கெட் வாங்கும்போது விமான வகை எது என்று பார்த்தாலே கால் மணி நேர வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிடும்.

மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் இந்த வேகம் இருக்காது. அதற்கு ஈடாக மொத்தக் கணக்கில் 15 நிமிடம் சேருங்கள். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால்:

சிறிய வகை: 3,020 ÷ 830 = 3 மணி 38 நிமிடம்; 15 சேர்த்து 3 மணி 53 நிமிடம்
பெரிய வகை: 3,020 ÷ 905 = 3 மணி 20 நிமிடம்; 15 சேர்த்து 3 மணி 35 நிமிடம்

இனி காற்று. கிழக்கே போகும் விமானம் சீக்கிரம் போகும், மேற்கே வரும் விமானம் தாமதமாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். டில்லி, ஐரோப்பா, ஜப்பான் பக்கம் அது உண்மை; அந்த அட்சரேகைகளில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றோட்டம் பலமானது. நம் வழிக்கு அந்த விதி பொருந்தாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று தரையில் மேற்கிலிருந்து வீசும் அதே காலத்தில், உயரத்தில் தென்னிந்தியாவின் மேல் நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம் 1950களில் ஆராய்ந்து எழுதியது இதைப் பற்றித்தான். 1958இல் வெளியான அவருடைய கட்டுரைக்குப் பிறகு உலக வானிலையாளர்கள் இதை வெப்பமண்டலக் கீழை ஜெட் என்று அழைக்கிறார்கள். கீழே தென்னை மரம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும். பத்துக் கிலோமீட்டர் மேலே விமானத்தை எதிர்ப்பக்கக் காற்று தள்ளிக்கொண்டிருக்கும்.

உதாரணத்துக்கு ஜூலையில் 30 நாட் எதிர்க்காற்று என்று வையுங்கள். 30 × 1.852 = மணிக்கு 55 கி.மீ. சிறிய வகை விமானத்துக்கு:

சிங்கப்பூர் போகும்போது: 3,020 ÷ 775 = 3 மணி 54 நிமிடம்; 15 சேர்த்து 4 மணி 9 நிமிடம்
சென்னை திரும்பும்போது: 3,020 ÷ 885 = 3 மணி 25 நிமிடம்; 15 சேர்த்து 3 மணி 40 நிமிடம்

அரை மணி நேர வித்தியாசம், அதுவும் பொதுவிதிக்கு நேர் எதிர்த் திசையில். மற்ற மாதங்களில் இந்த வழியில் மேல்காற்று பெரும்பாலும் இவ்வளவு பலமாக இருப்பதில்லை; போக, வர நேரம் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்.

ஐந்தாம் படி: டிக்கெட்டில் இருக்கும் நேரம் எது?

புறப்படும் நேரம் 23:15 என்று அச்சிட்டிருந்தால், 23:15க்கு விமானம் வானில் இருக்கும் என்று பொருளல்ல. அந்த நேரத்துக்கு விமானம் நிறுத்துமிடத்திலிருந்து பின்னோக்கித் தள்ளப்படும். அதேபோல, சேரும் நேரம் என்பது சக்கரம் ஓடுபாதையைத் தொடும் நேரமல்ல. வாயிலில் வந்து நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் நேரம். இரண்டுக்கும் இடைப்பட்டதை விமானத் துறையில் பிளாக் டைம் என்பார்கள்.

சென்னையில் ஓடுபாதை முனைவரை ஊர்ந்து போய் வரிசையில் நிற்க 10 முதல் 20 நிமிடம், சாங்கியில் இறங்கி முனையத்தை அடைய 10 நிமிடத்துக்கு மேல். இரண்டுக்குமாக 25 நிமிடம் சேர்த்தால் சிறிய வகை விமானத்துக்கு 3:53 + 0:25 = 4 மணி 18 நிமிடம். டிக்கெட்டில் பார்க்கும் 4 மணி 15, 4 மணி 20 என்ற எண்கள் இப்படித்தான் உருவாகின்றன. விமானி சொல்வது வானில் இருக்கும் நேரத்தை மட்டும். ஆகவே அவர் சொல்வதும் டிக்கெட்டும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் வேண்டியதில்லை.

அட்டவணையில் நிறுவனங்கள் சற்றுக் கூடுதல் நிமிடங்களை ஒளித்துவைப்பதும் வழக்கம். அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேருவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். உங்கள் விமானம் வழக்கமாக எப்போது போய்ச் சேருகிறது என்று தெரிய வேண்டுமா? ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் விமான எண்ணைப் போட்டால் கடந்த ஒரு வாரத்துக்குக் கிளம்பிய நேரமும் இறங்கிய நேரமும் வரும். ஏழு நாள் எண்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். சராசரி எடுக்காதீர்கள், ஒரே ஒரு நாள் மூன்று மணி நேரம் தாமதமானாலும் சராசரி கெட்டுவிடும்.

வேறு வழிகளுக்கு இந்த 15 + 25 கணக்கு எப்படிச் செல்லும் என்பதற்கு யாழ்ப்பாணம் நல்ல உதாரணம். மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்த்தூரம் சுமார் 356 கி.மீ., கொழும்பின் கட்டுநாயக்காவுக்கு சுமார் 647 கி.மீ. பலாலியின் தூரம் கொழும்பின் தூரத்தில் பாதியை விடச் சற்றுதான் கூடுதல், ஆனால் நேரம் ஏறக்குறைய ஒன்றே. காரணம், பலாலிக்குப் போகும் ஏடிஆர் 72 சுழல்விசிறி விமானத்தின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு, கொழும்புக்கு ஜெட் போகிறது. தவிர, ஏறி இறங்கும் நேரமும் தரையில் ஊரும் நேரமும் தூரம் குறைந்தாலும் அதிகம் குறைவதில்லை. ஒரு மணி நேரத்துக்குட்பட்ட பயணங்களில் தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் விடையை அப்படியே நம்பினால் நேரத்தில் பாதி காணாமல் போகும்.

ஆறாம் படி: கடிகாரம்

இந்தியா உலகப் பொதுநேரத்துக்கு 5:30 மணி முன்னால், சிங்கப்பூர் 8 மணி முன்னால். வித்தியாசம் 2 மணி 30 நிமிடம். இரண்டு நாட்டிலும் கோடைகால நேரமாற்றம் கிடையாது. ஆண்டு முழுவதும் இதே வித்தியாசம். பழைய ஆட்கள் இரண்டு மணி நேரம் என்று சொன்னால் அவர்களும் தவறாகச் சொல்லவில்லை: சிங்கப்பூர் முன்பு 7:30 மணி கணக்கில்தான் இருந்தது, மலேசியா தன் நேரத்தை ஒருமைப்படுத்தியபோது சிங்கப்பூரும் சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் 8 மணிக்கு மாறியது.

கணக்கைப் பிழையில்லாமல் போட ஒரே வழி: முதலில் பயணம் முழுவதையும் சென்னை நேரத்திலேயே முடித்துவிடுங்கள், கடைசியில் மட்டும் மாற்றுங்கள்.

போகும்போது: 23:15 + 4:20 = சென்னை நேரம் 03:35. அதனுடன் 2:30 சேர்த்தால் சிங்கப்பூர் நேரம் 06:05, மறுநாள்.
வரும்போது: சிங்கப்பூர் 20:00 என்பது சென்னை 17:30. அதனுடன் 4:15 சேர்த்தால் 21:45, அதே நாள்.

டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்த்தால் போக 6 மணி 50 நிமிடம், வர 1 மணி 45 நிமிடம் என்று தோன்றும். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் எப்போதும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் அச்சாகும்.

06:05க்கு இறங்கும்போது வெளியே இருட்டாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சிங்கப்பூர் 104ஆவது தீர்க்கரேகையில் இருக்கிறது. இயல்பாக அதற்கு 7 மணி கணக்குதான் பொருந்தும். கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் அங்கே விடிகிறது.

இந்தப் படியில் நடக்கும் மிக விலையுயர்ந்த தவறு வேறு. 12ஆம் தேதி 00:40க்கு விமானம் என்று டிக்கெட் சொன்னால், நீங்கள் 11ஆம் தேதி இரவு 9:30 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். "12ஆம் தேதி ராத்திரி" என்று மனதில் பதித்துக்கொண்டு 12ஆம் தேதி இரவு பெட்டியுடன் வந்து நிற்கிறவர்கள் உண்டு. அதற்குள் விமானம் போய் ஒரு நாள் ஆகிவிட்டிருக்கும். நள்ளிரவு விமானம் எடுத்த அன்றே நாட்காட்டியில் எந்த இரவு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று எழுதிவையுங்கள். விமானத்தின் தேதியை எழுதாதீர்கள், கிளம்பும் தேதியை எழுதுங்கள்.

ஏழாம் படி: வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை

தாம்பரத்தில் வீடு, போக வேண்டியது லிட்டில் இந்தியா என்று வைத்துக்கொள்வோம். 23:15 விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு, 20:15க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையின் மாலை நெரிசலை நினைத்து 19:15க்குக் கிளம்புகிறீர்கள். வெளிநாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுன்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஆகவே நிஜமான கெடு 23:15 அல்ல, 22:15.

சாங்கியில் 06:05க்கு நின்றதும் குடிநுழைவும் பெட்டியும் முடிய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ரயில் நிலையம் 2, 3ஆம் முனையங்களின் அடியில் இருக்கிறது. 1ஆம் முனையத்தில் இறங்கினால் விமான நிலையத்துக்குள் ஓடும் சிறு ரயிலிலும், 4ஆம் முனையத்தில் இறங்கினால் இலவசப் பேருந்திலும் வர வேண்டும். சாங்கியிலிருந்து அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் மாறி டவுன்டவுன் தடத்தைப் பிடித்தால் மறுபடி மாறாமல் லிட்டில் இந்தியா. இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எட்டு மணிக்குச் சேருவீர்கள். சென்னை நேரம் 05:30. மொத்தம் 10 மணி 15 நிமிடம். நான்கு மணி நேரப் பயணம் என்று சொல்லிக்கொள்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! அன்று காலை ஒன்பது மணிக்கு நேர்முகத் தேர்வோ கூட்டமோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தியப் பயணிகளுக்கு விசா தேவை. அத்துடன் சிங்கப்பூர் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது ஆணையத்தின் தளம் அல்ல.

டெல்டா மாவட்டத்துக்காரர்கள் இந்த வாசல்வரைக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். திருச்சியிலிருந்து சாங்கிக்கு நேர்த்தூரம் சுமார் 2,985 கி.மீ., சென்னையை விட 60 கி.மீ. அதிகம், வானில் அது ஐந்து நிமிடம்கூட இல்லை. தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். சென்னைக்கோ ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. கட்டணத்தில் சில ஆயிரம் மிச்சம் என்று சென்னை விமானத்தை எடுக்கும் முன், பேருந்துக் கட்டணத்தையும் ஓர் இரவுத் தூக்கத்தையும் கழித்துப் பாருங்கள். எங்கள் கணிப்பில் பெரும்பாலும் திருச்சியே வெல்லும்.

நேரடி விமானம் கிடைக்காமல் கொழும்பு வழியாகப் போனால் 647 + 2,750, ஆகச் சுமார் 3,400 கி.மீ. தூரம் 16 சதவீதம்தான் கூடுகிறது. நேரமோ குறைந்தது எட்டு மணியாகிவிடும், ஏனென்றால் இரண்டு முறை ஏறி இறங்கி, நடுவில் காத்திருக்க வேண்டும். இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனி டிக்கெட்டானால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது யாருக்கும் பொறுப்பில்லை. பெட்டியை எடுத்து மறுபடி போட அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம்.

கணக்கைக் கெடுக்கும் நாட்கள்

சென்னையில் ஜனவரி நடுவில், போகியன்று அதிகாலை, பழையன எரிக்கும் புகை பனிமூட்டத்துடன் கலந்து ஓடுபாதையை மூடிவிடும். விமானங்கள் பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ திருப்பப்பட்ட போகிகள் உண்டு. அன்று காலை சென்னையில் இறங்கும்படியோ கிளம்பும்படியோ டிக்கெட் எடுக்காமலிருப்பது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல்மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையம் பல நாள் மூடியிருந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் நீர் நின்று சேவைகள் நின்றன. அந்த மாதங்களில் இணைப்பு விமானம் இருந்தால் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள்.

சிங்கப்பூர்ப் பக்கம் வேறு ஒன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடிவதற்கு முன்பும் காலையிலும் சுமத்ராவின் பக்கமிருந்து இடிமழை ஒரு சுவர் போல நீரிணையைக் கடந்து வரும். சுமத்ரா ஸ்குவால் என்பது அதன் பெயர். சென்னையின் இரவு விமானங்கள் போய்ச் சேருவது அதே நேரத்தில்தான். அப்போது விமானம் கடல்மேல் வட்டமடித்துக் காத்திருக்கும். இறங்கிய பிறகும் மின்னல் எச்சரிக்கை இருக்கும்வரை தரைப் பணியாளர்கள் திறந்த வெளிக்கு வர மாட்டார்கள்; நீங்கள் பெட்டி வளையத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள், பெட்டி விமானத்தின் வயிற்றிலேயே இருக்கும். அழைத்துப்போக வருகிறவரிடம் சேரும் நேரத்தை மட்டும் சொல்லாமல், விமான எண்ணைக் கொடுத்து, நிலையத்தின் தளத்தில் "தரையிறங்கியது" என்று வந்த பிறகு வீட்டைவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.

திரும்பும் நாளில் 21:45க்குச் சென்னையில் வந்து நின்றால், வெளியே வரும்போது பத்தரை மணியைத் தாண்டிவிடும். மெட்ரோவின் கடைசி ரயில்கள் 11 மணிவாக்கில் முடிகின்றன. கையில் பெட்டி மட்டும் என்றால் பிடித்துவிடலாம். பெட்டி வளையத்தில் காத்திருக்க வேண்டியிருந்தால் வண்டிக்கு முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.